சொன்னது உவமை, படித்தது மிரட்டல்

கல்குளம் பக்கம் ஏதோ ஓர் ஊரில் ஒரு பாசனக் குளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குளத்தின் ஒரு கரையை ஒட்டி முதலில் நாலு தென்னை வந்தது, அப்புறம் வேலி வந்தது, இப்போது மண்ணும் கொட்டி நிரவியாகிவிட்டது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு சூடாகிறது. ராத்திரி பதினொன்று தாண்டி ஒருவர் எழுதுகிறார்: "குளத்த முழுங்குனவன அதே குளத்துல கெட்டித் தாத்தணும்."

விடிவதற்குள் அந்த ஒரு வரி மட்டும் ஸ்கிரீன்ஷாட்டாகி நாலைந்து குழுக்களுக்குப் போய்விடுகிறது. மதியம் கொலை மிரட்டல் என்று போலீஸ் நிலையத்தில் மனு. சாயங்காலம் இரண்டு குடும்பங்களுக்கும் வேண்டியவர்கள் தனித்தனியாகக் கூடிப் பேசுகிறார்கள். குளத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

இது நான் கட்டிய உதாரணம். ஆனால் குமரி மாவட்டத்தில் இரண்டு மூன்று ஊர்க் குழுக்களில் இருப்பவர்களுக்கு இதன் ஒவ்வொரு படியும் பழக்கமானதுதான். கோயில் கமிட்டி, பங்குப் பேரவை, பள்ளி முன்னாள் மாணவர்கள், கால்பந்துக் குழு, குடும்பக் குழு என்று எங்கே சண்டை வந்தாலும் கடைசியில் பிரச்சினையை விட்டுவிட்டு ஒரு உவமையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். ஏன் இப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அந்த வரியையே எடுத்துக்கொள்ளலாம். அதில் இரண்டு செயல்கள் இருக்கின்றன, முழுங்கியது ஒன்று, தாழ்த்துவது இன்னொன்று. மனுஷன் குளத்தை எப்படி முழுங்குவான் என்று யாரும் கேட்கவில்லை. ஆக்கிரமித்தவர் என்று எல்லாருக்கும் உடனே விளங்கிவிடுகிறது. அதே மூச்சில் வந்த "கெட்டித் தாத்தணும்" மட்டும் கல்லைக் கட்டித் தண்ணீரில் போடுவதாகவே படிக்கப்படுகிறது. ஒரே வாக்கியத்தின் முன்பாதி உவமை, பின்பாதி உண்மை. அப்படிப் பிரித்துப் படிக்க இலக்கணத்தில் இடமில்லை. பிரித்தது கோபம்.

இன்னொரு பக்கமும் உண்டு. எழுதியவர் முழுச் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. "முழுங்குனவன்" என்ற சொல் ஒரு குற்றச்சாட்டு. அதைச் சாதாரணமாகச் சொன்னால், "இந்த சர்வே எண்ணில் இவ்வளவு இடம் குளத்துக்குச் சொந்தம், அதில் வேலி போட்டிருக்கிறார்கள்" என்று வரும். அப்படிச் சொன்னால் ஆதாரம் காட்ட வேண்டும். புலப்படத்தை எடுத்துப் பார்க்க வேண்டும், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும், நில அளவையரை வரவழைக்க வேண்டும். உவமையில் சொன்னால் எதுவும் வேண்டாம், கைதட்டல் மட்டும் கிடைக்கும். உவமை குற்றச்சாட்டை மூடிக்கொண்டு வருகிறது, எதிராளி அதே உவமையை மிரட்டலாக ஆக்கித் தப்பித்துக்கொள்கிறார். இரண்டு பேருக்கும் அது வசதியாகிவிடுகிறது. நஷ்டம் குளத்துக்கு.

படிப்பறிவு போதாததால் வரும் கோளாறு இது என்று சிலர் நினைக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதல் இடம் குமரிக்குத்தான், 91.75 சதவீதம். உவமை தெரியாதவர்களும் இங்கே யாரும் இல்லை. பேச்சில் மூன்றுக்கு ஒன்று உவமையாகவோ பழமொழியாகவோ வரும் ஊர் இது. அப்படியென்றால் எங்கே இடறுகிறது?

தொல்காப்பியத்தின் செய்யுளியல், செய்யுளுக்கு உறுப்புகள் 34 என்று ஒரு பட்டியல் தருகிறது. எழுத்து, அசை, சீர், அடி என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தவை அதில் இருக்கின்றன. அவற்றோடு கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் ஆகியவையும் உறுப்புகளாகவே எண்ணப்படுகின்றன. யார் சொன்னது, யார் கேட்டது, எந்த இடம், எந்த நேரம், எதற்காக, முகத்திலும் உடம்பிலும் என்ன தெரிந்தது, சொல்லாமல் விட்டது என்ன என்பதெல்லாம் பாட்டுக்கு வெளியே நிற்கும் தகவல்கள் இல்லையாம், பாட்டின் உறுப்புகளாம். முன்னம் என்பதற்கு அந்த நூல் தரும் விளக்கம் இது:

"இவ்விடத்து இம்மொழி இவர்இவர்க்கு உரியஎன்று
அவ்விடத்து அவர்அவர்க்கு உரைப்பது முன்னம்."

இந்த இடத்தில் இந்தப் பேச்சு, இன்னார் இன்னாரிடம் பேசத் தகும் என்று அறிந்து, அந்த இடத்தில் அவருக்குப் பேசுவது. தொல்காப்பியம் அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பனம்பாரனாரின் பாயிரம் சொல்கிறது. அந்த ஆசானின் ஊர் விளவங்கோடு பக்கத்து அதங்கோடுதான் என்பது இங்குள்ளவர்கள் பெருமையோடு சொல்லும் நம்பிக்கை. அந்த நம்பிக்கை சரியோ இல்லையோ, அந்த இரண்டு அடிகளை நம் குழுக்களுக்கு இன்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

ஸ்கிரீன்ஷாட் என்ன செய்கிறது என்று அந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். கூற்றில் ஒரு பெயரும் நம்பரும் மிஞ்சுகின்றன, அந்த ஆள் எப்போதும் இப்படித்தான் பேசுவாரா என்பது போய்விடுகிறது. கேட்போர் மாறிவிடுகிறார்கள். ஐம்பது பேருக்குச் சொன்னதை ஐயாயிரம் பேர் படிக்கிறார்கள். களன் மாறிவிடுகிறது. காலம் ஒரு ஓரத்தில் "11.42" என்று நிற்கிறது, அதற்கு முன்னால் வந்த இருபது வரிகள் இல்லை. மெய்ப்பாடு சுத்தமாக இல்லை. முன்னத்துக்கு வேரே அறுந்துபோகிறது. இத்தனை உறுப்புகளையும் வெட்டிவிட்டு மிஞ்சிய எழுத்தை மட்டும் நீட்டி, "அவன்தானே எழுதினான், பாரு" என்கிறோம். எழுதியது அவன்தான். சொன்னது அது இல்லை.

குமரியில் இது மற்ற இடங்களைவிடக் கூர்மையாக வெட்டுவதற்குக் காரணம் நம் பேச்சு. "சவத்த விட்டுத் தள்ளு" என்று நாகர்கோவிலில் ஒருவர் சொன்னால், அந்தப் பேச்சை விடு என்று அர்த்தம். "போ சவமே" என்பது சலிப்பு, பல வீடுகளில் கொஞ்சலும்கூட. "பேதீல போவான், இன்னும் சாப்பிட வரல்லியே" என்று பேரனைத் தேடும் பாட்டியின் வாயில் சாபமும் பாசமும் ஒன்றாக இருக்கும். "தொலிய உரிச்சுப் போடுவேன்" என்று அம்மா சொன்னால் அடிகூட விழாது. இதெல்லாம் வாசல்படியில் நின்று கேட்டவர்களுக்கு விளங்கும். கோயம்புத்தூரில் கல்யாணம் கட்டிப் போன வீட்டின் குழுவில், ஒரு துஷ்டி (சாவு) வீட்டுச் செய்திக்குக் கீழே, வேறு எதையோ குறித்து "அந்தச் சவத்த விடுங்க" என்று ஒருவர் எழுதினால் என்ன ஆகும்? அந்த உறவு திரும்ப ஒட்ட எவ்வளவு காலம் ஆகும்?

மாவட்டத்துக்குள்ளேயே பேச்சு ஒன்றாக இல்லை. தோவாளையில் நெல்லைச் சாயல், விளவங்கோட்டில் மலையாளச் சாயல், கடற்கரையில் கடல் தொழிலின் சொற்கள். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பகுதி. பேச்சில் அந்தத் தடம் இன்னும் இருக்கிறது. நேரில் பேசும்போது இந்த வேறுபாட்டை நாம் தானாகவே சரிக்கட்டிக்கொள்கிறோம். தக்கலை ஆள் ஒருவர் குளச்சலில் மீன் வாங்கப் போனால் காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டுதான் போகிறார். ஸ்கிரீனில் எல்லாருடைய எழுத்தும் ஒரே அளவில், ஒரே வடிவில் வருகிறது. வேறு ஊர்ப் பேச்சைப் படிக்கிறோம் என்ற எச்சரிக்கையே மனசுக்கு வருவதில்லை.

இளைஞர்களின் சொற்கள் இன்னொரு தனி அடுக்கு. கடலோர ஊர்களில் கால்பந்துப் போட்டி என்றால் திருவிழாதான். இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் ஒரு பையன் ஸ்டேட்டஸ் வைக்கிறான்: "நாளைக்குச் சம்பவம் உறுதி. ஒருத்தனும் முழுசா வீடு போக மாட்டான்." அவன் வயசுக்காரர்களுக்கு அது ஐந்து கோல் போடுவோம் என்ற சவடால். "சம்பவம்" என்ற சொல்லைப் பத்திரிகையில் "சம்பவ இடத்திலேயே" என்று படித்து வளர்ந்த ஐம்பது வயசுக்காரருக்கு அது வெட்டுக்குத்து. செஞ்சிருவோம், தூக்கிருவோம், முடிச்சு விட்ருவோம் எல்லாமே இந்த ரகம். இந்தச் சொற்களுக்கு இரண்டு அர்த்தமும் நிஜமாகவே புழக்கத்தில் இருக்கிறது என்பதுதான் சிக்கல். பயந்தவரை முட்டாள் என்று சொல்ல முடியாது.

பழமொழியில் வேறு விதமாக இடிக்கும். "குரைக்கிற நாய் கடிக்காது" என்று ஒருவர் விவாதத்தில் எழுதுகிறார். பதில் உடனே வருகிறது: "யாரைப் பார்த்து நாய்ங்கிற?" எழுதியவர், "பழமொழிதானே சொன்னேன், உன்னையா சொன்னேன்" என்று ஆச்சரியப்படுகிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தொல்காப்பிய உவமயியல் உவமை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. செயலை வைத்து ஒப்பிடலாம், விளைவை வைத்து, வடிவத்தை வைத்து, நிறத்தை வைத்தும் ஒப்பிடலாம். குரைக்கிற நாய் என்றவர் வினையை ஒப்பிட்டார், சத்தம் போடுவது வேறு, செய்வது வேறு என்றார். கேட்டவர் ஆளையே ஒப்பிட்டதாக எடுத்துக்கொண்டார்.

ஆனால் அதோடு முடித்துவிட முடியாது. அதே இயல், உவமைக்கு அடிப்படையாகச் சிறப்பு, நலன், காதல், வலி என்று நான்கைச் சொல்லிவிட்டு, "கிழக்கிடு பொருளோடு ஐந்தும் ஆகும்" என்று ஐந்தாவதையும் சேர்க்கிறது. கிழக்கிடுதல் என்றால் கீழே இறக்குவது. ஒருவரைத் தாழ்த்திக் காட்டவும் உவமை பிறக்கும் என்பது அவ்வளவு பழைய அறிவு. சண்டையில் நாய், பன்றி, கழுதை வரும் பழமொழிகளைப் பொறுக்கி எடுப்பவருக்கு இது உள்ளுக்குள் தெரியும். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பதும் பழமொழிதான், அதில் யாரும் நாய் ஆவதில்லை. கையில் இத்தனை இருக்க, ஏன் நாயை எடுத்தோம் என்பதற்கு எடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

எழுதுகிறவருக்குத் தன் தொனி தன் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது, படிக்கிறவருக்கும் அது கேட்கும் என்று நம்பிவிடுகிறார். இதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் மின்னஞ்சலிலும் குரலிலும் அனுப்பச் சொன்னார்கள். 100-க்கு ஏறக்குறைய 78 சரியாகப் புரியும் என்று அனுப்பியவர்கள் நினைத்தார்கள். குரலில் கிட்டத்தட்ட முக்கால்வாசி சரியாகவே போய்ச் சேர்ந்தது. மின்னஞ்சலில் 56-தான். காசு சுண்டிப் போட்டு ஊகித்தாலே 50 வந்துவிடும் என்பதை வைத்துப் பார்த்தால், எழுத்தில் கிண்டல் ஏறக்குறைய போய்ச் சேரவே இல்லை. அனுப்பியவர்களின் நம்பிக்கை மட்டும் இரண்டிலும் ஒரே அளவாக இருந்தது.

சிரிக்கும் முகக் குறி பிறந்த கதையும் இதுதான். 1982 செப்டம்பரில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், லிஃப்டுக்குள் பாதரசம் என்று கணினிப் பலகையில் ஓடிய ஒரு வேடிக்கைப் பேச்சை யாரோ நிஜமான அபாய எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கை எது, நிஜம் எது என்று காட்ட ஒரு குறி வேண்டும் என்று பேச்சு எழுந்தது. ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிவியலாளர் முக்காற்புள்ளி, சிறு கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துப் போடலாம் என்றார். தொல்காப்பியர் மெய்ப்பாடு என்று தனியே ஓர் இயல் எழுதி எட்டு உணர்ச்சிகளைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அந்த இடத்தில் நாம் இன்று மஞ்சள் முகங்களை வைத்திருக்கிறோம். உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணீர் வரச் சிரிக்கும் முகத்தை ஒருவர் சேர்ந்து சிரிக்கப் போடுகிறார், இன்னொருவர் கேலி செய்யப் போடுகிறார். குறியும் உவமை போலத்தான், ஆளைப் பார்த்துத்தான் அர்த்தம்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பது பலருக்குத் தெரியாது. குமரி மாவட்டம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது. அந்தக் கிளை 2021 டிசம்பரில் தந்த ஒரு தீர்ப்பை நம் ஊர்க் குழுக்களில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. இடதுசாரி அரசியல்காரர் ஒருவர் குடும்பத்தோடு சிறுமலைக்குப் போய்வந்து, படங்களை ஃபேஸ்புக்கில் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம் என்று தலைப்பு வைத்தார். வேடிக்கைக்கு. வாடிப்பட்டி போலீஸ் வழக்குப் பதிந்தது. அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயத்தம் செய்வது பற்றிய பிரிவும் அதில் இருந்தது. ரிமாண்டுக்குக் கொண்டுபோனபோது மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். பிறகு நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் வழக்கையே ரத்து செய்தார். சிரிப்பதை அடிப்படைக் கடமைகளில் ஒன்றாகச் சேர்க்கலாம் என்ற ரீதியில் அந்தத் தீர்ப்பு போகும். எதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதுதான் கஷ்டமான கேள்வி, ஏனென்றால் புனிதப் பசு, அதாவது யாரும் கேலி செய்யக் கூடாதது, இடத்துக்கு இடம் மாறுகிறது என்றும் அது சொல்கிறது. தெருவுக்குத் தெரு குருசடியும் இசக்கியம்மன் கோயிலும் பள்ளிவாசலும் இருக்கும் நம் மாவட்டத்தில் அந்த வரிக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

உச்ச நீதிமன்றமும் 2025 மார்ச்சில் இதே திசையில் பேசியது. மாநிலங்களவை உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி போட்ட வீடியோவின் பின்னணியில் ஒலித்த உருதுக் கவிதைக்காக குஜராத் போலீஸ் பதிந்த வழக்கு அது. கவிதையை முழுசாக எடுத்துப் படித்துப் பார்த்த நீதிமன்றம், அது வன்முறையைத் தூண்டவில்லை என்று வழக்கை ரத்து செய்தது. பேச்சின் விளைவை நிதானமும் உறுதியும் உள்ள மனிதரின் இடத்திலிருந்து அளக்க வேண்டும், எல்லாவற்றிலும் ஆபத்தைக் காண்பவரின் இடத்திலிருந்து அளக்கக் கூடாது என்றது. மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள இதுபோன்ற பேச்சுக் குற்றங்களில் வழக்குப் பதிவதற்கு முன் ஆரம்ப விசாரணை நடத்துவதே பொருத்தம் என்றும் சொன்னது.

1969-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு இதைவிட நெருக்கமானது. பதினெட்டு வயசுப் பையன் ஒருவன், தன்னைப் பட்டாளத்தில் சேர்த்துத் துப்பாக்கியைக் கொடுத்தால் முதலில் குறிவைப்பது அதிபர் ஜான்சனைத்தான் என்று ஒரு கூட்டத்தில் பேசிவிட்டான். கீழே தண்டனை கிடைத்தது. மேலே, அது அரசியல் மிகைப்பேச்சு என்று விடுதலை. அதற்கு நீதிமன்றம் கவனித்த விஷயங்களில் ஒன்று, அவன் சொன்னதும் கேட்டவர்கள் சிரித்தார்கள் என்பது. கேட்போரும் களனும் அங்கே சாட்சியாக வந்தார்கள். 2010-ல் இங்கிலாந்தில் ஒருவர், பனியால் விமான நிலையம் மூடிக்கிடந்த எரிச்சலில் அதைத் தகர்த்துவிடுவேன் என்று ட்விட்டரில் எழுதினார். பக்கத்தில் சிரிக்க யாரும் இல்லை. அவருக்கு விதித்த அபராதத் தண்டனை நீங்க 2012 ஜூலை ஆயிற்று.

நம் நாட்டில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவுதான் குற்றமுறு மிரட்டல். பயமுறுத்தும் நோக்கம் அல்லது செய்ய வேண்டாததைச் செய்யவைக்கும் நோக்கம் இருக்க வேண்டும். சாதாரணமாக இரண்டு வருடம் வரை, கொலை அல்லது கொடுங்காய மிரட்டலுக்கு ஏழு வருடம் வரை தண்டனை. "சும்மா சொன்னேன்" என்பது அந்த நோக்கத்தை மறுக்கும் வாதம். அது நிற்குமா, நிற்காதா என்பதை மற்ற விவரங்கள் முடிவு செய்யும். "உன்ன உண்டு இல்லன்னு ஆக்கிருவேன்" என்பது ஒன்று. "நாளைக்கு ராத்திரி பால் சொசைட்டி விட்டு எந்த வழியா வீட்டுக்குப் போவேன்னு எனக்குத் தெரியும்" என்பது வேறு ஒன்று. இரண்டாவதில் உவமையே இல்லை, கொலை என்ற சொல்லும் இல்லை. பயப்பட வேண்டியது அதற்குத்தான். நாம் தலைகீழாகச் செய்கிறோம். சத்தமான உவமைக்கு மனு எழுதுகிறோம், குறிப்பான இடமும் நேரமும் சொல்லும் அமைதியான வரியை ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போகிறோம்.

உவமை என்றால் எல்லாம் மன்னிக்கத்தக்கது என்றும் நான் சொல்ல வரவில்லை. சாதிப் பெயர் வரும் பழமொழிகள், குருடன், நொண்டி, செவிடன் என்று வரும் பழமொழிகள் யார் வாயில் வந்தாலும் ஒருவரைக் குத்தியே தீரும். "பழமொழிதானே" என்பது அதற்குப் பதில் இல்லை. இந்த மண்ணுக்கு என்று சில காயங்களும் இருக்கின்றன. விவாதத்தில் ஒருவரை மடக்கியதை "துணிய உருவிட்டோம்" என்று எழுதுவது இப்போது சகஜமாகிவிட்டது. நம் பாட்டிமார்களின் பாட்டிமார்கள் மாரை மறைத்துச் சேலை உடுத்தும் உரிமைக்காக அடிபட்டு, பொதுவழியில் சேலை கிழிக்கப்பட்டு, பல ஆண்டுகள் போராடி, 1859-ல்தான் திருவிதாங்கூர் அரசிடமிருந்து ஒரு பிரகடனத்தையே வாங்க முடிந்தது. அந்த உவமையை இந்த மாவட்டத்தில் எழுதுகிறவர்கள் யார் முன்னால் எழுதுகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

கடற்கரையும் அப்படித்தான். 2017 நவம்பர் 30-ல் அடித்த புயலை ஒக்கி என்ற ஒரு சொல்லில் நினைவு வைத்திருக்கும் வீடுகள் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கம் எத்தனையோ. ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலரின் உடல்கூடத் திரும்பி வரவில்லை. அந்த ஊர் ஆட்கள் இருக்கும் குழுவில் "கடல்ல மூழ்கிச் சாவுங்க" என்று ஒரு தேர்தல் சண்டையில் எழுதினால், எழுதியவரின் மனசில் டெபாசிட் போவது இருந்திருக்கலாம். படித்தவருக்குத் தன் அண்ணன் நினைவுதான் வரும். அவர் உவமையைத் தப்பாகப் படித்தார் என்று யாரும் அவருக்குப் பாடம் எடுக்கக் கூடாது.

1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய கலவரத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்போது செல்போன் கிடையாது, பேச்சு வாய்வழியாகவே ஓடியது. ஓட ஓடப் பெருத்தது. மதம் சம்பந்தப்பட்ட வாக்குவாதத்தில் தீ, ரத்தம், பலி, அழிப்பு என்று உவமை வரும்போது பெரியவர்கள் பதறுவதை "ஓவர் ரியாக்‌ஷன்" என்று இளைஞர்கள் தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பதற்றத்துக்குப் பின்னால் துப்பாக்கிச் சூடும், எரிந்த வீடுகளும், பல வருடம் தொடர்ந்த பகையும் இருக்கின்றன. பிரசங்கத்தில் "ஆவியின் பட்டயம்" (வாள்) என்றும், சாமியாட்டத்தில் "சத்துருவ வதம் செய்வேன்" என்றும் கேட்டு வளர்ந்தவர்கள் அவரவர் களத்தில் அதைச் சரியாகவே புரிந்துகொள்கிறார்கள். அந்த வரியை வெட்டி மற்றவர் குழுவில் போடுகிறவர்தான் முன்னத்தைக் கெடுக்கிறவர். என்னைக் கேட்டால், முதலில் எழுதியவரைவிட அவர் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

பகிர்வதைப் பற்றி உயர் நீதிமன்றம் 2023-ல் ஒரு வழக்கில், சமூக ஊடகத்தில் அனுப்பிய செய்தி வில்லை விட்டுப் போன அம்பு மாதிரி, கையில் இருக்கும்வரைதான் அனுப்பியவர் வசம் என்று சொன்னது. நீதிபதியும் உவமையில்தான் பேசினார். யாருக்கும் குழப்பம் வரவில்லை. யார், யாருக்கு, எந்த இடத்தில் சொன்னார் என்பது தீர்ப்பின் முதல் பக்கத்திலேயே அச்சாகி இருக்கிறது. அட்மின்களுக்கும் ஒரு ஆறுதல் உண்டு. குழுவில் மற்றவர் போட்ட பதிவுக்கு, தனக்கு அதில் பங்கு இல்லாதபோது, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காகக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் பயந்துபோய் வரியை அழித்துக் குழுவைப் பூட்டிவிட வேண்டிய அவசியம் இல்லை. அழித்தால் "இந்த மெசேஜ் நீக்கப்பட்டது" என்ற அடையாளம் மட்டும் நிற்கும். என்ன இருந்ததோ என்று ஆளாளுக்குக் கதை கட்டுவார்கள். அழிப்பதற்கு முன் பேச வேண்டும்.

பேச்சு என்றால் பெரிய பஞ்சாயத்து வேண்டாம். நம் பழைய குளத்துக் கதையில், அந்த வரியைப் படித்தவர் எழுதியவருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்: "அண்ணே, ராத்திரி நீங்க எழுதுனது எனக்கு மனசிலாவல. என்ன உத்தேசிச்சு எழுதினிய?" இதற்குப் பதில் சொல்லும்போது பெரும்பாலான ஆட்கள் உவமையை விட்டுக் கீழே இறங்கிவிடுவார்கள். "ஒண்ணும் இல்லப்பா, வேலிய எடுக்கணும்னுதான்" என்று வரும். எழுதியவருக்கும் வழி இருக்கிறது. அதே குழுவில், "அந்த வரிய நான் எடுத்துடுறேன். நான் கேக்கது இதுதான், குளத்த அளந்து எல்லைக் கல்லு போடணும்" என்று எழுதிவிட்டால் விஷயம் திரும்பவும் கரைக்கு வந்துவிடும். நீர்நிலை ஆக்கிரமிப்பை அளந்து அகற்றத் தமிழ்நாட்டில் 2007-லேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது. நீர்வளத் துறைக்கும் வட்டாட்சியருக்கும் எழுதும் மனுவில் முழுங்கினான், விழுங்கினான் எல்லாம் வேண்டாம். சர்வே எண், குளத்தின் பெயர், எந்தக் கரை, எவ்வளவு நீளம், என்றிலிருந்து வேலி, இரண்டு போட்டோ, இவை போதும்.

போலீசுக்குப் போயே ஆக வேண்டிய கட்டமும் சில நேரம் வரும். நிஜமாகவே பயம் இருந்தால் போகத்தான் வேண்டும். போகும்போது ஒற்றை ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். வாட்ஸ்அப்பில் உரையாடல் முழுவதையும் தேதி, நேரத்தோடு ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. அந்த வரிக்கு முன்னும் பின்னும் வந்ததெல்லாம் அதில் இருக்கும், தான் எழுதிய பதில்களும் இருக்கும். போனை மாற்றவோ, எதையும் அழிக்கவோ கூடாது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் மின்னணுப் பதிவுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின் கீழ் சான்றிதழ் கேட்பார்கள். விசாரிக்கும் அதிகாரி கேட்க வேண்டிய முதல் கேள்வியும், இதற்கு முந்தின வரி என்ன என்பதுதான்.